பியூஸ் சொல்லும் செய்தி: பழைய காரில் மின் பழுதைத் தேடிக் கண்டறியும் முறை

(தோட்ட மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பழைய கார்களில் ஏற்படும் மின் பழுது. தோட்ட மக்களுக்கு இப்பொருள் எதற்கு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. லயத்து வீட்டு வாசலில் நிற்கும் கார் ஆடம்பரப் பொருளன்று. பேருந்து நுழையாத செம்மண் சாலையைக் கடந்து நோயாளியை மருந்தகத்திற்குக் கொண்டு செல்வது அந்தக் கார். பிள்ளையைத் தேர்வு மண்டபத்தில் நேரத்திற்கு இறக்கிவிடுவதும், சம்பள நாளில் பட்டணத்திலிருந்து ஒரு மாத மளிகையைச் சுமந்து வருவதும் அதுவே. அது நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் பாதி வேலை நின்றுவிடுகிறது.

அக்கார்களுள் பல வயது முதிர்ந்தவை. நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பெற்றது. அந்த முதல் வரிசைக் கார்களில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உரிமையாளர்கள் இயந்திரத்தைப் பழுது பார்த்திருப்பார்கள், டயரை மாற்றியிருப்பார்கள், சாயமும் பூசியிருப்பார்கள். ஆனால், தரை விரிப்பின் கீழும் முகப்புப் பலகையின் பின்னும் ஓடுகின்ற மின்கம்பிகளை யாரும் மாற்றுவதில்லை. கார் பிறந்த நாளில் போட்ட கம்பிகளே இன்றும் அங்கே கிடக்கின்றன. வெயிலில் காய்ந்து, இயந்திரச் சூட்டில் வெந்து, குண்டுங்குழியுமான சாலையில் குலுங்கி, அவற்றின் மேலுறை இறுகி வெடித்துப் போகிறது. ஒரு நாள் பியூஸ் எரிகிறது. புதியதைப் போட்டால் அதுவும் எரிகிறது.

அந்த நேரத்தில் நம்மவர் பலர் செய்வது என்ன? சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளை உருட்டிச் செருகுகின்றனர். ஓர் ஆணியை வைக்கின்றனர். 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைப் போட்டு, “இனி எரியாது” என்று மகிழ்கின்றனர். பியூஸ் எரியாதுதான்; ஆனால் கார் எரியும். இந்த உரையின் சாரமே அதுதான். பியூஸ் எரிவது பழுதன்று. பழுது உண்டு என்று நமக்கு வரும் செய்தி. செய்தி கொண்டு வருபவனின் வாயை அடைத்துவிட்டால் ஆபத்து அகன்றுவிடாது.

குறுக்குச் சுற்று என்றால் என்ன?

பட்டறைக்காரர் ‘ஷார்ட்’ ஆகிவிட்டது என்று சொல்லும் பழுதைத் தமிழில் குறுக்குச் சுற்று என்கிறோம். இதைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்துப் பால் மரமே போதும். நாம் வெட்டிய கோட்டின் வழியே பால் சரிந்து இறங்கி, தகரத் துண்டைத் தொட்டு, மங்கில் வந்து விழுகிறது. அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் என்ன நிகழ்கிறது? பால் கோட்டை விட்டு விலகிப் பட்டையின்மேல் பரவுகிறது. மங்கைச் சேராமல் மண்ணில் சிந்துகிறது. மின்சாரமும் அவ்வாறே தனக்கு வகுத்த வழியை விட்டு விலகிப் போவதுண்டு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சிந்திய பாலால் நட்டம் ஒரு மங்கோடு போகிறது. வழி தவறிய மின்சாரமோ, செல்லும் வழியெல்லாம் சூட்டை உண்டாக்குகிறது.

காரில் மின்சாரம் செல்லும் வழி யாது? பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ் வழியாக, சுவிட்சு வழியாக, கம்பியில் ஓடிப் பல்பை ஒளிரச் செய்கிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி கிடையாது. காரின் இரும்புச் சட்டமே அதற்கு வழி. பாட்டரியின் மறுமுனை அந்தச் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே, மேலுறை கிழிந்த கம்பி எந்த இடத்தில் இரும்பைத் தொட்டாலும், மின்சாரம் பல்பு வரை போகாமல் அங்கேயே குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். பிரேக் விளக்குகள் இரண்டும் தலைக்கு 21 வாட் என்றால் மொத்தம் 42 வாட். பாட்டரி 12 வோல்ட். 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். அந்தக் கம்பியில் ஓட வேண்டிய மின்னோட்டம் அவ்வளவே. கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால் வழியிலுள்ள தடை மிகவும் குறைந்துவிடுகிறது. அது பத்தில் ஒரு ஓம் என்று வைத்துக்கொண்டாலும், ஓடும் மின்னோட்டம் 120 ஆம்பியர். மேலும், மின்னோட்டம் பத்து மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு பத்து மடங்காவதில்லை, நூறு மடங்காகிறது. அக்கம்பி தனியாகவும் கிடப்பதில்லை. மற்றக் கம்பிகளோடு கற்றையாகக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. ஒன்று உருகினால் பக்கத்திலுள்ளவற்றையும் சேர்த்து உருக்குகிறது. அருகில் தரை விரிப்பும் இருக்கைப் பஞ்சும் உள்ளன.

இந்த ஆபத்தைத் தடுக்கவே பியூஸ் வைக்கப்பட்டிருக்கிறது. கம்பி சூடாகி உருகுவதற்கு முன்னர்த் தான் உருகி வழியைத் துண்டிப்பது அதன் கடமை. பியூஸின் அளவு பல்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. கம்பியின் பருமனையும் பார்த்து முடிவு செய்யப்படுவது. 10 ஆம்பியருக்கு வகுத்த கம்பியில் 30 ஆம்பியர் பியூஸைப் போட்டால், இனிமேல் பியூஸாக எரியப்போவது அந்தக் கம்பிதான்.

தட்டையான சிறு பியூஸ்களில் நிறமே அளவைக் காட்டும். 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள். 30 ஆம்பியர் பச்சை. சிவப்பு எரிந்தால் சிவப்பே போட வேண்டும். கண்ணாடிக் குழாய் பியூஸாயின் அதன் உலோக மூடியிலோ உள்ளே இருக்கும் சிறு தாளிலோ எண் குறிக்கப்பட்டிருக்கும்.

மிகப் பழைய பிரிட்டிஷ் கார்களை விருப்பத்தோடு காத்து வருவோர்க்கு ஒரு சொல். மோரிஸ் மைனர் காரில் இருந்தவை இரண்டே பியூஸ்கள். முன்விளக்குகளுக்குப் பியூஸ் பாதுகாப்பே கிடையாது. அக்காரில் பாட்டரியின் நேர்முனைதான் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. அக்காலத்து லூக்காஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது பியூஸ் உருகும் அளவைக் குறிக்கும்; அது தொடர்ந்து தாங்கும் அளவு சுமார் 17 ஆம்பியரே. ஆதலின், 35 என்ற எண்ணை மட்டும் பார்த்து இக்காலத்து பியூஸ் ஒன்றை வாங்கிப் பொருத்துவது தவறாகும்.

நோயை அறியும் முறை

மருத்துவர் எப்படிச் செயற்பட வேண்டும் என்று திருவள்ளுவர் ஒரு முறை வகுத்தார். நோய் இன்னதென்று முதலில் தெளிய வேண்டும். அது தோன்றிய காரணத்தை அடுத்து அறிய வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும். கார் பழுதுக்கும் இம்முறை முற்றும் பொருந்தும். கண்ட கம்பியையெல்லாம் இழுத்துப் பார்ப்பவன் பழுதைத் தேடவில்லை. புதிய பழுதை உண்டாக்குகிறான்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எரிவது எந்த பியூஸ்? அந்த பியூஸ் எவற்றிற்கெல்லாம் மின்சாரம் தருகிறது? அது எந்த நேரத்தில் எரிகிறது?

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. பியூஸைச் செருகிய அந்தக் கணமே எரிந்தால், பழுது சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது எரிந்தால், சாவி வழியாக மின்சாரம் பெறும் பகுதியில் இருக்கிறது. பிரேக் மிதியை அழுத்தும்போது மட்டும் எரிந்தால், பிரேக் சுவிட்சுக்கும் பின்விளக்குகளுக்கும் இடையே இருக்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது எரிந்தால், கம்பி ஒன்று ஆடி ஆடி இரும்பைத் தொடுகிறது. காரில் கை வைப்பதற்கு முன்பே, பாதிக் காரைத் தேட வேண்டியதில்லை என்று இவ்விடைகள் நமக்குச் சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது கேள்விக்கு, காரோடு வந்த கையேடும் பியூஸ் பெட்டியின் மூடியும் விடை தரும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் பாடத்தில் அப்பிள்ளை வரையும் மின்சுற்றுப் படம் இங்கே கண்முன் நிற்கிறது. தந்தை மிதியை அழுத்த, பிள்ளை விளக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் தனியே செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்வதே இவ்வேலைக்கு ஏற்றது.

சோதனை விளக்கு

பழுதைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, அதை மாட்டும் கூடு ஒன்று, இரண்டு முழக் கம்பி இரண்டு, அவற்றின் முனையில் இரண்டு கவ்விகள். இவையே சோதனை விளக்கு ஆகின்றன. எரிந்த பியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இரு முனைகளுக்கும் இடையே இந்த விளக்கை இணைக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்? மின்சாரம் இப்போது பல்பின் வழியாகத்தான் போக வேண்டும். பழுது எவ்வளவு பெரிதாயினும், அந்தப் பல்பு ஏறத்தாழ 2 ஆம்பியருக்கு மேல் விடாது. புகை வராது, பியூஸ்கள் வீணாவதுமில்லை. கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். தொடுவது நீங்கிய அந்த நொடியே விளக்கு அணைந்துவிடும்.

ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அந்த பியூஸ் மின்சாரம் தரும் பல்புகளையும் கருவிகளையும் முதலில் கழற்றிவிட வேண்டும். அவற்றைக் கழற்றாவிட்டால், பழுதே இல்லாதபோதும் மின்சாரம் அவற்றின் வழியே சென்று சோதனை விளக்கைச் சற்றே மங்கலாக எரியச் செய்யும், நாம் ஏமாந்துபோவோம்.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவை சில. பகல் வெளிச்சத்தில் செய்க. இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். விரலில் மோதிரமும் கையில் உலோகச் சங்கிலியும் இருத்தலாகாது. பாட்டரி முனைக்கும் இரும்புக்கும் இடையே மோதிரம் பட்டால் அது பழுக்கக் காய்ந்துவிடும். பாட்டரியின் அருகில் புகை பிடித்தல் கூடாது; பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படுவதுண்டு. கம்பியை வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருந்தால், சட்டத்துடன் இணைந்த பாட்டரி முனையை முதலில் கழற்ற வேண்டும்; திரும்ப மாட்டும்போது அதை இறுதியாக மாட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் கையிலுள்ள திருகி இரும்பைத் தொட்டாலும் தீப்பொறி பறக்காது.

ஓர் எடுத்துக்காட்டு

குடும்பம் ஒன்றின் பழைய காரில் பிரேக் விளக்கு பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைச் சிறு பழுதென்று எண்ணலாகாது. விடியற்காலை மழையில், பெரிய சாலையில், பின்னால் பாரவண்டி வந்துகொண்டிருக்கும்போது நம் கார் வேகத்தைக் குறைப்பதை அறிவிப்பது அந்த இரு சிவப்பு விளக்குகளே. அவை எரியவில்லை என்பது ஓட்டுபவருக்கு உள்ளிருந்து தெரியவும் தெரியாது.

பின்விளக்குப் பல்புகள் இரண்டையும் கழற்றிவிட்டுச் சோதனை விளக்கை பியூஸ் இடத்தில் இணைக்கிறோம். அந்த பியூஸோடு வேறு கருவிகள் இணைந்திருந்தால் அவற்றையும் பிரித்துவிடுகிறோம். மிதியை அழுத்தாதபோது விளக்கு எரியவில்லை. எனவே பியூஸ் முதல் சுவிட்சு வரையுள்ள கம்பி நலமாக இருக்கிறது. மிதியை அழுத்துகிறோம். விளக்கு முழு ஒளியுடன் எரிகிறது. எனவே பழுது சுவிட்சுக்கு அப்பால் இருக்கிறது. பல்புகள் கழற்றப்பட்டிருந்தும் விளக்கு எரிவதால், பழுது பல்பில் இல்லை. பல்பு மாட்டும் கூட்டிலோ கம்பியிலோ இருக்கிறது.

அடுத்து, வழியைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். முன்புறத்திலிருந்து பின்புறத்திற்குச் செல்லும் கம்பிக் கற்றை பல கார்களில் இடையே ஓரிடத்தில் இணைப்பு ஒன்றின் வழியாகச் செல்கிறது. மிதியை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் அந்த இணைப்பைப் பிரிக்கிறார். விளக்கு அணைந்துவிடுகிறது. எனவே முன்பாதி நலம். பழுது பின்பாதியில் இருக்கிறது. இணைப்பைத் திரும்பப் பொருத்திவிட்டுப் பின்னே செல்கிறோம். இடப்பக்க விளக்குக் கூட்டின் இணைப்பைப் பிரிக்கிறோம். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வலப்பக்கத்தையும் பிரிக்கிறோம், அப்போதும் எரிகிறது. ஆகவே கூடுகள் இரண்டும் குற்றமற்றவை. இடையில் கிடக்கும் சில முழக் கம்பிதான் எஞ்சியிருக்கிறது. காரில் உள்ள எத்தனையோ கம்பிகளுள், நாம் பார்க்க வேண்டிய இடம் இப்போது ஓரிரு முழமாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவுக்கும் நாம் ஒரு கம்பியைக்கூட வெட்டவில்லை.

பின்னிருக்கையைத் தூக்கிக் கற்றையை மெல்லத் தடவிக்கொண்டு போகிறோம். பயணிகள் பகுதியிலிருந்து பின்புறப் பெட்டிக்குள் கற்றை நுழையும் இடத்தில் இரும்புத் தகட்டில் ஒரு துளை இருக்கிறது. அத்துளையின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். அது காய்ந்து நொறுங்கி விழுந்துவிட்டது. பெட்டியில் ஏற்றிய மூட்டைகள் கற்றையை அழுத்த, தகட்டின் கூர்விளிம்பு நாளடைவில் மேலுறையை அறுத்துவிட்டது. செம்பு வெளியே தெரிகிறது. கற்றையை விரலால் சற்றுத் தூக்கியவுடன் சோதனை விளக்கு அணைகிறது, விட்டவுடன் எரிகிறது. பழுது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் நாள்தோறும் விடியலில் வெட்டிச் சேர்க்கும் பாலிலிருந்து உலகம் எத்தனையோ பொருள்களைச் செய்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் ரப்பருக்கு உண்டு. தொடக்கக் காலக் கார்களில் கம்பிகளின் மேலுறையே ரப்பராலும் பருத்தி நூலாலும் ஆனது. பின்னரே பிளாஸ்டிக் உறை வந்தது. ஆயினும், சூட்டிலும் எண்ணெயிலும் வெயிலிலும் ரப்பர் முதுமை அடைகிறது. இதைத் தோட்ட மக்களாகிய நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. காய்ந்து வெடித்த வளையத்தைக் கண்டால் மாற்றிவிட வேண்டும். சிறு வளையம்தான், அது காப்பது ஒரு குடும்பத்தை.

வந்து வந்து மறையும் பழுது

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. நிற்கும்போது ஒழுங்காக இருந்து, செம்மண் சாலையில் குலுங்கும்போது மட்டும் பியூஸ் எரிவதுண்டு. அப்போதும் சோதனை விளக்கே துணை. பல்புகளைக் கழற்றி, சோதனை விளக்கை இணைத்து, சுவிட்சை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வோரிடமாகக் கற்றையை மெல்ல ஆட்ட வேண்டும். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினாலும் போதும். அந்த இடத்தில் நிறுத்திக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எந்தெந்த இடங்களை முதலில் பார்ப்பது? கம்பி மடங்கி நிமிரும் இடங்கள் முதலிடம் பெறும். கதவின் கீல் அருகிலும் பின்பெட்டி மூடியின் கீல் அருகிலும் கம்பி ஒவ்வொரு முறையும் மடங்குகிறது. அடுத்து, இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்கள். பிறகு, புகைக்குழாய்க்கு அருகிலுள்ள கம்பிகள். பிறகு, இருக்கை நகரும் தண்டவாளத்தின் கீழ்ப்பகுதி. தோட்டங்களில் எலியையும் மறத்தலாகாது. பல நாள் ஓடாது நிற்கும் காரின் இயந்திரப் பகுதியில் எலி கூடு கட்டும், கம்பியைக் கடிக்கும். மூடியைத் திறந்தவுடன் சருகும் கந்தலும் தென்பட்டால், பழுது அங்கேதான் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னே ஐயுற வேண்டியவை, கார் தொழிற்சாலையை விட்டு வந்த பின்னர் நாம் சேர்த்தவை: வானொலி, ஒலிபெருக்கி, கூடுதல் ஹார்ன், மூடுபனி விளக்கு, திருட்டைத் தடுக்கும் மணி. இவற்றைப் பொருத்தியவர் இருக்கின்ற கம்பியைச் சுரண்டி, வெறும் செம்பை முறுக்கி, ஒட்டுத்தாள் சுற்றிவிட்டுப் போயிருக்கக்கூடும். நம் நாட்டு வெப்பத்தில் அந்த ஒட்டுத்தாளின் பசை இளகி, சில ஆண்டுகளில் சுற்று அவிழ்ந்துவிடும். பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து எந்தக் கருவியைப் பொருத்தினாலும், பாட்டரிக்கு ஒரு சாண் தொலைவிற்குள் அக்கம்பிக்குத் தனி பியூஸ் இருந்தே ஆக வேண்டும்.

குறுக்குச் சுற்றைப் போலத் தோன்றும் வேறு இரண்டு குறைகளும் உண்டு. வளைவு விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுவது ஒன்று. அங்கே பெரும்பாலும் பின்விளக்குக் கூடு சட்டத்துடன் சேரும் இடத்தில் துரு ஏறி, மின்சாரம் திரும்பும் வழி அடைபட்டிருக்கும். துருவைச் சுரண்டி இறுக்கிவிட்டாலே தீரும். இரவெல்லாம் நின்ற கார் காலையில் உயிர் பெறாதிருப்பது மற்றொன்று. பாட்டரி பழையதாக இருக்கலாம். அல்லது ஏதோ ஒன்று மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருக்கலாம். பின்பெட்டிக்குள் அணையாது எரியும் 5 வாட் பல்பு ஒன்று சுமார் 0.4 ஆம்பியர் அளவில் பாட்டரியைக் கரைக்கிறது. இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால், முதுமையடைந்த பாட்டரி காரைக் கிளப்பும் வலிமையை இழந்துவிடும்.

தீர்க்கும் முறை

பழுதைக் கண்ட மகிழ்ச்சியில் ஒட்டுத்தாளை ஒரு சுற்றுச் சுற்றி வேலையை முடித்துவிடுதல் கூடாது. பாட்டரியைப் பிரித்துவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி நீக்க வேண்டும். அதே பருமனுள்ள கம்பித் துண்டை இணைத்து, ஈயம் வைத்துப் பற்றவோ உரிய இணைப்பானால் நசுக்கி இறுக்கவோ வேண்டும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயை அதன்மேல் போர்த்த வேண்டும். தகட்டுத் துளைக்குப் புதிய ரப்பர் வளையம் போட வேண்டும். கீல் அருகில் கம்பி இழுபடாதவாறு சிறிது தளர்வு விட வேண்டும். பக்கத்திலுள்ள கம்பிகளும் உருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறுதியில், பழைய அளவுள்ள பியூஸையே போட வேண்டும். அந்த பியூஸ் எரியாமல் நின்றால் வேலை முடிந்தது. எரிந்தால், அது இன்னும் ஏதோ சொல்ல விரும்புகிறது என்று பொருள். மீண்டும் தேட வேண்டும்.

நம் கைக்கு எட்டாத வேலைகளும் உண்டு. திசை மாற்றும் வட்டத்தில் காற்றுப்பை உள்ள கார்களில் அதன் கம்பிகளில் கை வைத்தல் ஆகாது. கணினியால் இயக்கப்படும் இயந்திரத்தின் கம்பிகளில் இந்தச் சோதனை விளக்கைப் பயன்படுத்தினால் கணினி கெடக்கூடும். பாட்டரியிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பிக்குப் பல கார்களில் பியூஸே கிடையாது. அதில் பழுது ஏற்பட்டால் உடனே பட்டறையை நாட வேண்டும். அங்கும் இந்த அறிவு வீண்போகாது. “பிரேக் மிதித்தால்தான் எரிகிறது, பல்புகளைக் கழற்றினாலும் எரிகிறது” என்று நாம் சொல்லும் இரு வாக்கியங்கள் பட்டறைக்காரருக்குப் பல மணி நேரத்தையும் நமக்குப் பல வெள்ளியையும் மிச்சப்படுத்தும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றமோ முகப்புப் பலகையிலிருந்து புகையோ வந்தால், காரை ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து எடுத்துவிட்டு, அனைவரும் இறங்கித் தொலைவில் நிற்க வேண்டும். பொருள்களை எடுக்க மீண்டும் உள்ளே போகலாகாது. இயந்திரப் பகுதியில் தீ என்று தெரிந்தால் மூடியை அகலத் திறக்க வேண்டா. காற்றுப் புகுந்தால் தீ ஓங்கும். 999 எண்ணை அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையின் உதவியைக் கேளுங்கள். கார் போனால் மற்றொன்று வாங்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. இந்த உரையைக் கேட்கும்போது உங்களுள் சிலருக்குக் கண்கள் ஒளிர்வதைக் காண்கிறோம். வழியைப் பாதி பாதியாகப் பிரித்து, நல்ல பகுதியை ஒதுக்கி, கெட்ட பகுதியை நெருங்கும் இந்த முறை ஒரு தொழிலின் தொடக்கம். கார் மின்பழுது பார்ப்பவர்க்கு எல்லாப் பட்டணங்களிலும் வேலை உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் இத்தகைய தொழில்களைக் கற்கலாம். மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று சோர்ந்து, வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. வாய்ப்பை விசாரித்து அறிந்து விண்ணப்பம் செய்யுங்கள். பெற்றோர்களும் துணை நில்லுங்கள்.

அன்பர்களே, நாம் கேட்டுக்கொள்வது பெரிதன்று. இன்று வீடு திரும்பியதும் உங்கள் காரின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளித் தாளோ ஆணியோ அளவு மீறிய பியூஸோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உரிய பியூஸைப் போடுங்கள். கூடுதலாக இரண்டு வாங்கிக் காரிலேயே வைத்திருங்கள். அது எரியுமாயின் சினம் கொள்ள வேண்டா. தாளையும் பென்சிலையும் எடுங்கள். பிள்ளையை அருகில் அழையுங்கள். சோதனை விளக்கை இணையுங்கள். பொறுமையுடன் தேடுபவர்க்குப் பழுது மறைந்து நிற்க இடமில்லை.